மாமாவின் மூன்று டேப்புகள்: படகுக்கு எது, வீட்டுக்கு எது?

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் எங்கள் கரையில் 61 நாள் விசைப்படகுகளுக்கு ஓய்வு. ஜூன் 14 முடிய மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எங்கே பார்த்தாலும் கரையேற்றிய படகுகள், பலகை மாற்றும் சத்தம், பெயின்ட் வாடை. என் சின்ன சர்வீஸ் கடைக்கும் அப்போதுதான் வேலை கூடும். பத்து மாதம் உப்புக்காற்று குடித்து, சார்ஜிங் வாயில் பச்சை பூத்த போன்களும் டேப்புகளும் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

இந்தத் தடைக்காலத்தில் மாமா ஒரு துணிப்பையோடு வந்தார். மேசையில் மூன்று டேப்பை வரிசையாக வைத்தார். ஒன்று, படகில் டீசல் கணக்கும் கடல் வரைபடமும் பார்க்க அவர் வைத்திருந்த பழைய விண்டோஸ் டேப். இரண்டாவது, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் ஆண்ட்ராய்டு டேப். மூன்றாவது, கீழக்கரைக் கூட்டாளி துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்த ஐபேட்.

"மருமகனே, இதுல எத போட்ல வைக்கலாம்? பழசுல அப்டேட் நின்னுபோச்சுன்னு காட்டுது. வேற எதையாவது ஏத்தணும்னா ஏத்து. தடை முடியிறதுக்குள்ள வேணும்."

ரேம் எவ்வளவு, திரை எவ்வளவு என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நான் முதலில் பார்ப்பது வேறு. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிக்கிற ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல், யாருடைய மின்னணுக் கையெழுத்தை ஏற்றுக்கொள்கிறது? அந்தப் பட்டியலை மாற்றும் உரிமை டேப்பை வாங்கியவருக்கு உண்டா?

மாமாவுக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்தது. மீன்துறை டோக்கன் இல்லாமல் விசைப்படகு கிளம்பக்கூடாது இல்லையா, அதே மாதிரி கையெழுத்து இல்லாத ஓஎஸ் (விண்டோஸ், ஆண்ட்ராய்டு மாதிரி கருவியை ஓட்டும் மென்பொருள்) கிளம்பக்கூடாது என்று வாசலில் ஒருவர் நிற்கிறார். அவர்தான் செக்யூர் பூட். திருட்டு மென்பொருள் ஏதாவது ஓஎஸ்ஸுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளாமல் தடுப்பது அவர் வேலை, அதில் தப்பில்லை. டோக்கன் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதில்தான் ஒவ்வொரு டேப்பும் வேறுபடுகிறது.

இதில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் தன் சான்றிதழ் விதியில் இரண்டு சட்டம் வைத்தது. இன்டெல் வகைச் சிப் உள்ள கருவிகளில் செக்யூர் பூட்டை அணைக்கவும், சொந்தச் சாவி போட்டுக்கொள்ளவும் உரிமையாளருக்கு வழி இருக்க வேண்டும். போன்களில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப் உள்ளவற்றில் அணைக்கும் வழியே இருக்கக்கூடாது. கடையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி டேப்தான், ஒரே மாதிரி நிறக் கட்டங்கள்தான் திரையில். ஆனால் ஏஆர்எம் பக்கத்தில் வந்த விண்டோஸ் ஆர்டி டேப்புகளில் வேறு ஓஎஸ் ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை. 2016 ஆகஸ்டில், சோதனைக்காக வைத்திருந்த ஒரு பூட் பாலிசி (எதைக் கிளம்ப விடலாம் என்று சொல்லும் விதிக் கோப்பு) வெளியே கசிந்து அந்தப் பூட்டில் ஓட்டை விழுந்தது வேறு விஷயம். ஆர்டி 8.1க்கான ஆதரவு 2023 ஜனவரி 10இல் முடிந்தது. யாராவது பழைய ஆர்டி டேப்பை மலிவாகத் தருகிறேன் என்றால், மீன் நறுக்கும் பலகைக்கு அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவின் விண்டோஸ் டேப் நல்லவேளையாக இன்டெல் பக்கம். ஆட்டம் இசட்3735எஃப் சிப், 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. இந்த டேப்பில் ரேமும் சேமிப்புமே பற்றாது. ஆக, அப்டேட் இல்லாத விண்டோஸோடு காலம் தள்ளுவது, லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸை ஏற்றுவது, தூக்கிப் போடுவது என்று மூன்றே வழி.

இந்த ஆட்டம் டேப்புகளில் பூட்டைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. சிப் 64 பிட், ஃபர்ம்வேர் 32 பிட். சின்னச் சேமிப்புக்குத் தோதாக 32 பிட் விண்டோஸ் போட்டு விற்றார்கள். விண்டோஸுக்கும் யூஇஎஃப்ஐ என்ற இந்த வகை ஃபர்ம்வேருக்கும் பிட் ஒத்துப்போக வேண்டும் என்பதால் ஃபர்ம்வேரும் 32 பிட்டாகவே நின்றுவிட்டது. விளைவு என்னவென்றால், சாதாரண 64 பிட் லினக்ஸ் பென்டிரைவைச் செருகினால் ஒரு பிழைச்செய்திகூட வராது. பென்டிரைவ் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளாது. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டோமே, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று முதல் தடவை நான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். 32 பிட் பூட் கோப்பு ஒன்று பென்டிரைவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 8ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கலப்பு ஏற்பாட்டுக்கு வழி செய்திருக்கிறார்கள், ஃபெடோரா என்ற இன்னொரு வகையும் 27ஆம் பதிப்பில் சேர்த்தது.

அப்புறம் டச். இந்த வகை டேப் பலவற்றில் சிலீட் என்ற டச் சிப் இருக்கும். அதற்கு ஒரு குட்டி ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். மாடலுக்கு மாடல் அது வேறு. அந்தக் கோப்பு ஒளிந்திருக்கும் இடம் அதே டேப்பின் விண்டோஸ் டிரைவருக்குள். லினக்ஸ் ஏற்றும் ஆர்வத்தில் விண்டோஸை முதலிலேயே துடைத்தெறிந்தால், அந்தக் கோப்பும் சேர்ந்து போய்விடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். மண்டபத்துக்காரர் ஒருவருக்கு நான் போட்டுக்கொடுத்த டேப் இன்றுவரை மவுஸ் செருகித்தான் ஓடுகிறது. காசு வாங்கவில்லை, ஆனாலும் அவர் கடைப்பக்கம் வந்தால் நான் குனிந்து சால்டரிங் செய்வது போல இருந்துவிடுவேன். ஆகவே விண்டோஸ் கோப்புறையின் டிரைவர் பகுதியை முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆட்டம் டேப்பில் லினக்ஸ் ஓடுகிறது என்றால் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒருவர், ரெட் ஹேட் என்ற லினக்ஸ் கம்பெனியில் பணியாற்றிய ஹான்ஸ் டி கோட். யாருமே கண்டுகொள்ளாத இந்த மலிவு டேப்புகளுக்காக டச், பேட்டரி, ஒலி என்று லினக்ஸின் கருவான கெர்னலில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர். வைஃபைக்கான டிரைவர் ஒன்று 2017இல் கெர்னலுக்குள் வந்தது. அதற்கு முன்னால் தனியாகத் தொகுத்துப் போட வேண்டும்.

மாமாவின் டேப்பில் எல்லாம் ஏறிய பிறகும் திடீர் திடீரென்று திரை உறைந்தது. இந்தச் சிப் தூங்கி எழும்போது தடுமாறும். அதிகம் தூங்காதே என்று பூட் வரியில் ஒரு கட்டளை சேர்த்தால் சரியாகிவிடும். பேட்டரி சீக்கிரம் தீரும், அதுதான் விலை. படகில் 12 வோல்ட் பேட்டரியும் கார் சார்ஜரும் இருக்கும்போது அது ஒரு குறையில்லை. வீட்டுச் சோபாவில் வைத்துப் பார்க்கிறவருக்குக் குறைதான்.

இந்தத் தொல்லைகளுக்குக் கைமேல் கிடைத்த பலன் ஓபன்சிபிஎன். இலவசக் கடல் வரைபட மென்பொருள். யுஎஸ்பி ஜிபிஎஸ் குமிழ் ஒன்றைச் செருகினால் படகு இருக்கும் இடம் வரைபடத்தில் நகரும். டவர் போனாலும் கவலையில்லை, எல்லாம் டேப்புக்குள்ளேயே இருக்கிறது. பாக் நீரிணையில் தொழில் செய்கிறவர்களுக்கு 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று தெரிவது பொழுதுபோக்கு விஷயம் இல்லை. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: டேப் துணைக்குத்தான். ஜிபிஎஸ் செட்டும் விஹெச்எஃப் ரேடியோவும் தனியாக இருக்க வேண்டும். நான் ஏற்றிக் கொடுத்த டேப்பை நம்பி யாரும் எல்லையைத் தொட வேண்டாம்.

அடுத்து ஐபேட். மாமாவுக்கு இதன் மேல்தான் கண். பளபளப்பாக இருக்கிறது, சும்மா வந்தது, வெயிலிலும் மற்ற இரண்டைவிட நன்றாகத் தெரிகிறது. ஏழாம் தலைமுறை, 2019 மாடல். இதில் ஓஎஸ் தேர்வு என்ற கேள்வியே எழாது. சிப்புக்குள் அழிக்க முடியாதபடி பொறித்த பூட் ராமிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியும் அடுத்த படியின் ஆப்பிள் கையெழுத்தைச் சோதித்த பிறகே மேலே விடும். பழைய ஐபேட் ஓஎஸ்ஸுக்குத் திரும்பக்கூட ஆப்பிள் அந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். 2019இல் செக்எம்8 என்ற ஓட்டை வெளிவந்தது. ஏ5 முதல் ஏ11 வரையான சிப்புகளில் அதை அப்டேட்டால் அடைக்கவே முடியாது, பூட் ராம் அல்லவா. இந்த ஐபேடின் ஏ10 சிப்பும் அந்த வரிசையில்தான் வருகிறது. அதை வைத்து ஜெயில்பிரேக் செய்யலாம், அதாவது ஆப்பிளின் பூட்டை உடைக்கலாம்; ஆனால் அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் செருகி மறுபடி செய்ய வேண்டும். நடுக்கடலில் அதற்கு யார் இருக்கிறார்கள்?

பூட்டிய வீட்டுக்காரர் வீட்டை நன்றாகவும் வைத்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். 2019 மாடலுக்கு 2024இன் ஐபேட் ஓஎஸ் 18 வரைக்கும் வந்தது. மலிவு ஆண்ட்ராய்டு டேப்புகளில் அந்த ஆயுளை நான் பார்த்ததில்லை. ஆனால் ஐபேட் ஓஎஸ் 26 இதற்குக் கிடையாது. இனிமேல் ஒவ்வொரு செயலியாக "புதிய ஓஎஸ் வேண்டும்" என்று கேட்கத் தொடங்கும். அன்றைக்கு மாமா செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆட்டம் டேப்பில் எனக்கு லினக்ஸ் என்ற பின்கதவு இருந்தது. இதில் பின்கதவே கட்டவில்லை.

இன்னொன்று, இது பூட்டு விஷயமே இல்லை. ஓரங்களைத் திருப்பிப் பார்த்தேன், சிம் வாய் இல்லை. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. சிம் மாடலில்தான் உண்டு. கரையில் இருக்கும்போது அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களை வைத்து இடத்தைக் கச்சிதமாகக் காட்டும். அதை நம்பிப் பாம்பன் பக்கத்துக் குந்துகாலைத் தாண்டினால் நீலப்புள்ளி கரையிலேயே நின்றுகொண்டு கையாட்டும். மாமா அதோடு ஐபேட் ஆசையை விட்டார். மாமி எடுத்துக்கொண்டார், நவநாள் ஜெபமும் சமையல் வீடியோவும் பெரிய திரையில் நன்றாக இருக்கிறதாம்.

ஆண்ட்ராய்டு டேப்பைப் பற்றித்தான் கடையில் அதிகம் விவாதம் நடந்தது, காரணம் அதன் பூட்டு ஒரே நிலையில் இருப்பதில்லை. பல கம்பெனிகள் பூட்லோடரை (ஓஎஸ்ஸைக் கிளப்பிவிடும் நிரலை) திறக்க விடும், சில விடாது. விடும் கம்பெனியும் மனதை மாற்றிக்கொள்ளும். சாம்சங் 2025இல் ஒன் யூஐ 8 என்ற தன் ஆண்ட்ராய்டு பதிப்பு வந்தபோது திறக்கும் வசதியையே எடுத்துவிட்டது. அதற்கு முன்னால் திறந்தவர்களுக்கும் நாக்ஸ் என்ற பாதுகாப்பில் ஒரு மின்னணு ஃபியூஸ் எரிந்துவிடும். அதைத் திரும்ப ஒட்ட முடியாது. சியோமியில் கணக்கைக் கட்டி, அனுமதி கேட்டு, காத்திருந்து திறக்க வேண்டும். கூகுளின் பிக்சல் வரிசை இதில் தனி: திறக்கலாம், வேறு ஓஎஸ் ஏற்றலாம், பிறகு நம் சாவியைப் போட்டுத் திரும்பப் பூட்டவும் செய்யலாம். என்னைக் கேட்டால் பூட்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மற்ற பெரும்பாலான டேப்புகளில் திறந்தால் திறந்தபடியேதான். திறக்கும் நொடியில் உள்ளே இருப்பது எல்லாம் அழியும், இது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. திருடியவன் பூட்லோடரைத் திறந்து உங்கள் படங்களைப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக. அதன்பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஆரஞ்சு நிற எச்சரிக்கை வரும். கருவி நம்பத்தக்கதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் தோற்பதால் வங்கிச் செயலிகள் பல திறக்க மறுக்கும். படம் பார்க்கும் செயலிகளில் வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பூட்டின் எல்1 தகுதி எல்3க்கு இறங்கி, படம் மங்கலாக ஓடும் டேப்புகளும் உண்டு.

மாமா மகள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றவள், "அண்ணா, என் டேப்ப தொடாதீங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். சரியான முடிவு. இன்னும் இரண்டு வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் டேப், பாடம் படிக்கிற டேப், மாமாவின் சிம்மைப் போட்டு டீசல் காசுக்கு யுபிஐ அனுப்புவதும் அதில்தான். யுபிஐ பதிவுக்குச் சிம் அதே கருவியில் இருக்க வேண்டும். பணம் புழங்கும் கருவியில் பூட்டு இருப்பது எனக்கே நிம்மதி. அப்டேட் நிற்கும் நாளில் அந்த மாடலுக்கு லினேஜ் ஓஎஸ் என்ற இலவச ஆண்ட்ராய்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதுவும் மாடலுக்கு மாடல்தான். ஏஆர்எம் டேப்பில் பூட்டுத் திறப்பது பாதி வேலைகூட இல்லை; அந்தப் பலகைக்கென்றே எழுதிய கெர்னலும் டிரைவரும் வேண்டும். பென்டிரைவில் ஒரு லினக்ஸை வைத்துக்கொண்டு எந்த டேப்பிலும் செருகிப் பார்க்கும் பழக்கம் இன்டெல் பக்கத்தில் மட்டும் செல்லும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயிற்சி மையம் ஒன்று காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்த டேப்புகள் மாதம் ஒன்றாவது என் கடைக்கு வரும். மையம் மூடியாயிற்று, டேப்பில் அவர்களுடைய செயலி மட்டும்தான் திறக்கும், அதுவும் சர்வர் கிடைக்காமல் வட்டம் சுற்றும். இங்கே சாவி வைத்திருப்பவர் தயாரித்த கம்பெனியும் இல்லை, வாங்கியவரும் இல்லை, ஆளையே காணோம். உப்புக்கும் கருவாட்டுக்கும் நடுவில் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கியது, வீட்டில் கண்ணாடித் துண்டாகக் கிடக்கிறது. இப்படி யாராவது டேப் சேர்த்துத் தருகிறேன் என்றால், படிப்பு முடிந்ததும் பூட்டை எடுத்துத் தருவீர்களா என்று எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் "பூட்டை மட்டும் உடைச்சுக் குடு தம்பி" என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கூகுள் கணக்குக் கேட்டு நிற்கும் டேப் யாருடைய பையிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

மாமா புதிதாக ஒன்று வாங்கவும் தயாராக இருந்தார். செகண்ட்ஹேண்டில் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் கோ மாதிரி இன்டெல் டேப் கிடைத்தால் நான்காவது வழியாக அதைச் சொன்னேன். வால்யூமைக் கூட்டும் பட்டனைப் பிடித்துக்கொண்டு பவர் அழுத்தினால் யூஇஎஃப்ஐ திரை வரும். அதில் மைக்ரோசாஃப்ட் மட்டும், மைக்ரோசாஃப்டும் மூன்றாம் தரப்பும், எதுவும் வேண்டாம் என்று மூன்று நிலை. நடு நிலையே போதும். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் ஷிம் என்ற குட்டி நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையெழுத்தை வாங்கி வைத்திருக்கின்றன, பூட்டைத் திறக்காமலேயே ஏறும். முழுக்க அணைத்தால் ஆன் செய்யும்போது உச்சியில் சிவப்புப் பட்டையும் திறந்த பூட்டுப் படமும் வரும். கடைக்காரர் விற்கும்போது அதைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை, கேள்வி மட்டும் கேளுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. செக்யூர் பூட்டைத் தொடும் முன்னால் விண்டோஸ் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். தொட்டபின் விண்டோஸ் அதைக் கேட்கும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளுக்குக் கும்பிடு போட வேண்டியதுதான். இரண்டாவது, 2011இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதி ஆகத் தொடங்குகின்றன. ஏற்கெனவே ஏறியிருக்கும் ஓஎஸ் அதனால் நின்றுவிடாது. ஆனால் இனி வரும் பூட் கோப்புகள் 2023 சான்றிதழில் கையெழுத்தாகும்; அந்தச் சான்றிதழ் ஃபர்ம்வேரில் ஏறாத டேப் புதியதை ஏற்காது. ஆகவே கம்பெனி ஃபர்ம்வேர் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட டேப் என்றால், செக்யூர் பூட்டை அணைக்க வழி இருக்கிறதா என்பதை வாங்கும் இடத்திலேயே திறந்து பார்த்துவிடுவது நல்லது.

மாமா எல்லாம் கேட்டுவிட்டு, "புதுசுக்குப் போடுற காசுல ஒரு வலை வாங்கிருவேன்" என்றார். பழைய ஆட்டம் டேப்தான் படகுக்கு என்று முடிவானது. என் கணக்கும் அதுதான். அதில் பணம் இல்லை, படம் இல்லை, போனால் ஒரு டீசல் கணக்குப் போகும். செக்யூர் பூட்டை அணைத்து வைத்ததில் படகு கட்டியிருக்கும் இடத்தில் யாராவது ஏறி வேறு ஓஎஸ் போட்டுவிடலாம் என்பது உண்மை. போடுகிறவர் அந்த 32 பிட் பூட் கோப்போடு வந்தால் அவரைப் பிடித்து என் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. இந்த டேப்பின் திரைப் பலகை உண்மையில் நெட்டுக்குத்தாகச் செய்தது. லினக்ஸ் எழுந்தபிறகு திரும்பிக்கொள்கிறது, அதற்கு முன்னால் எதைக் கிளப்ப என்று கேட்கும் கிரப் பட்டியல் மட்டும் படுக்கையாகவே வருகிறது. ஜூன் 12 அன்று வீல்ஹவுஸில் ஆணியடித்து மாட்டி, ஆன் செய்து காட்டினேன். மாமா கழுத்தை இடப்பக்கம் சாய்த்து முதல் வரியைப் படித்தார். பக்கத்தில் நின்ற டிரைவரும் சாய்த்தார். வலை மடித்துக்கொண்டிருந்த பையன் இருவரையும் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலேயே தானும் சாய்த்தான்.